கூண்டுக் காடையும் ஏரிக்கரைக் காடையும்

சென்னை மாதவரத்திலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் நெடுஞ்சாலையை ஜி.என்.டி. சாலை என்றுதான் அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். கன்டெய்னர் லாரிகளும் ஆந்திரா பேருந்துகளும் ஓயாமல் ஓடும் சாலை. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். காடை வளர்க்க நினைக்கும் சிறு விவசாயிக்கு வேண்டிய குஞ்சு, தவிடு, மீன்தூள், சந்தை ஆகிய நான்கும் இந்த வழியிலும் இதன் கிளைச் சாலையிலும் கிடைக்கின்றன. சாலையை விட்டு இறங்கி ஏதாவது ஓர் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் நடந்தால் ஐந்தாவதாக ஒன்றும் காதில் விழலாம். அது புல்லுக்குள் மறைந்திருந்து கூப்பிடும் காட்டுக் காடையின் குரல்.

காடை வளர்ப்பவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. விற்காமல் மிஞ்சும் காடைகளை வயலிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிட்டால் என்ன? பூச்சியைத் தின்று பயிருக்கு உதவும், தானாகப் பெருகும், ஊரில் குறைந்துபோன காடை இனம் திரும்ப வரும் என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையும் இந்த வழியில் இருக்கிறது.

மாதவரம்: குஞ்சு

மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் உள்ளது. முன்பு இது சென்னை நந்தனத்தில் இயங்கியது. அங்கே உருவாக்கப்பட்ட காடைதான் 'நந்தனம் காடை'. நிலையம் இடம் மாறியும் காடையின் பெயர் மாறவில்லை.

நம் பண்ணைகளில் வளர்வது எல்லாமே ஜப்பானியக் காடையின் வழிவந்தவை. 1974-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. அதாவது, இந்தியாவில் அதற்கு வயது இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கேள்விக்கு விடை எளிதாகும்.

முட்டை பொரிக்க 17 முதல் 18 நாட்கள். பொரித்த குஞ்சின் எடை 8 முதல் 10 கிராம். ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களின் எடை. ஐந்தே வாரத்தில் அது 180 முதல் 200 கிராம் வரை வளர்ந்துவிடும். இவ்வளவு வேகமாக வளரும் உயிருக்கு முதல் இரண்டு வாரம் கவனம் தவறினால் பிறகு சரிசெய்ய நேரமே இருக்காது.

குஞ்சு வாங்கும் இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சொந்தக் கொட்டகையிலேயே அண்ணன் தங்கைகளை இணைத்து முட்டை எடுத்துப் பொரிக்க வைத்தால், சில தலைமுறையிலேயே பொரிப்புத் திறன் குறையும், குஞ்சு சோனியாகும். உள்ளினச் சேர்க்கையின் கெடுதல் கோழியைவிடக் காடையில் சீக்கிரம் தெரியும். ஆகவே சிறு பண்ணையாளர் நம்பகமான இடத்தில் ஒருநாள் குஞ்சாகவோ, வெப்பம் கொடுத்து முடித்த இரண்டு வாரக் குஞ்சாகவோ வாங்குவதே நல்லது.

ஒருநாள் குஞ்சு வாங்குபவர்கள் 3 அடி நீளம், 2.5 அடி அகலம், 1.5 அடி உயரமுள்ள கூண்டில் 100 குஞ்சுகளை விடலாம். முதல் வாரம் 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துவரலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது. விளக்கைவிட்டு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். கூண்டெங்கும் பரவி மேய்ந்தால் சரியாக இருக்கிறது.

இரண்டு தவறுகளால் நிறைய குஞ்சுகள் வீணாகின்றன. ஒன்று, வழவழப்பான செய்தித்தாளைக் கீழே விரிப்பது. கால் சறுக்கி அகன்று, குஞ்சு நிற்க முடியாமல் போகும். சொரசொரப்பான தாளோ கோணியோ விரிக்க வேண்டும். மற்றொன்று, ஆழமான தண்ணீர்த் தட்டு. குஞ்சு உள்ளே விழுந்து மூழ்கிவிடும். தட்டில் கோலிக்குண்டுகளையோ கழுவிய கூழாங்கற்களையோ போட்டு வைத்தால் இடுக்கில் உள்ள தண்ணீரை மட்டும் குடிக்கும்.

மூன்றாவது வாரத்திலிருந்து 4 அடி நீளம், 2.5 அடி அகலமுள்ள கூண்டில் 50 காடைகள் போதும். நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தும். அந்த வயதில் ஆண், பெண் தெரிந்துவிடும். மார்பு இறகு ஒரே செம்பழுப்பாக இருந்தால் ஆண், கரும்புள்ளிகள் இருந்தால் பெண்.

செங்குன்றம்: தவிடு

மாதவரத்தைத் தாண்டிப் புழல் ஏரியை ஒட்டிச் சென்றால் செங்குன்றம். நெல் மண்டிகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். தவிடும் குருணையும் இங்கே எப்போதும் கிடைக்கும்.

காடை வளர்ப்பில் செலவின் பெரும்பங்கு தீவனத்துக்குத்தான் போகிறது. ஒரு காடை ஐந்து வாரத்தில் ஏறக்குறைய அரைக் கிலோ தீவனம் தின்னும். ஆகவே கணக்கு எளிது. ஒரு கிலோ தீவன விலையில் பாதியைக் குஞ்சு விலையோடு கூட்டி, இறப்புக்கும் மின்சாரத்துக்கும் கொஞ்சம் சேர்த்தால் அடக்கவிலை வந்துவிடும்.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்கள் முதல் மூன்று வாரத்துக்கு 100 கிலோவில் இந்த அளவுகளைச் சேர்க்கலாம். மக்காச்சோளம் 27 கிலோ, சோளம் 15 கிலோ, எண்ணெய் நீக்கிய தவிடு 8 கிலோ, கடலைப் புண்ணாக்கு 17 கிலோ, சூரியகாந்திப் புண்ணாக்கு 12.5 கிலோ, சோயாப் புண்ணாக்கு 8 கிலோ, மீன்தூள் 10 கிலோ, தாது உப்புக் கலவை 2.5 கிலோ. நான்காவது வாரத்திலிருந்து சோயாவை நிறுத்தி, மக்காச்சோளத்தை 31 கிலோவாக உயர்த்தி, சோளத்தை 14 கிலோவாகக் குறைத்து, கிளிஞ்சல் தூள் 5 கிலோ சேர்க்கலாம். மற்றவை அதே அளவு. குஞ்சின் அலகு சிறியது. எனவே ரவை பதத்துக்கு அரைக்க வேண்டும்.

அரைக்க வசதி இல்லாதவர்கள் கறிக்கோழிக் குஞ்சுத் தீவனத்தை வாங்கி, 75 கிலோவுக்கு 5 கிலோ புண்ணாக்கு கலந்து கொடுக்கலாம். காடைக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிடப் புரதம் அதிகம் தேவை என்பதால்தான் இந்தச் சேர்க்கை.

எச்சரிக்கை ஒன்று. ஆலையில் புதிதாகக் கிடைக்கும் எண்ணெய்த் தவிடு சில நாட்களிலேயே காறல் நாற்றம் அடிக்கும். எண்ணெய் நீக்கிய தவிடே நல்லது. கடலைப் புண்ணாக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துக் காடைகளைக் கூட்டமாகக் கொல்லும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் தேவைப்படும் புண்ணாக்கை வாங்கிக் குவிக்க வேண்டாம். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.

பழவேற்காடு: மீன்தூளும் தண்ணீரும்

தச்சூரில் கிழக்கே திரும்பினால் பொன்னேரி. அதற்கப்பால் பழவேற்காடு. ஏரியும் கடலும் சேரும் இந்த ஊரில் கருவாட்டுக்குக் குறைவில்லை. மனிதர் வாங்காத பொடிக் கருவாடு விலை குறைவாகக் கிடைக்கும் என்பதால் அதையே இடித்துத் தீவனத்தில் சேர்ப்பவர்கள் உண்டு.

இதில் இரண்டு ஆபத்துகள். முதலாவது உப்பு. உப்புக் கருவாட்டை நூற்றுக்குப் பத்து என்று கலந்தால் குஞ்சுகளுக்கு உப்பு நஞ்சாகும். எச்சம் தண்ணீராகப் போகும், அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், பிறகு சாகும். இரண்டாவது மணல். கரையில் வெறும் மணலில் காயவைத்த கருவாட்டில் எடையின் ஒரு பங்கு மணலாகவே இருக்கும். உப்புப் போடாமல், வலையிலோ பாயிலோ காயவைத்த மீன்தான் தீவனத்துக்கு ஏற்றது. ஒரு பிடி தூளைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் தங்கிவிடும். நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு தெரிந்துவிடும்.

தண்ணீரும் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்திருப்பது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தில் பல போர்களில் தண்ணீர் கரிக்கும். தொழிற்சாலைகளை ஒட்டிய கிணறுகளில் வேறு கலப்பும் இருக்கலாம். கொட்டகை போடும் முன்பே தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். எங்கே கொடுப்பது என்று திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ கேட்கலாம். கரிக்கும் தண்ணீர் என்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் காடைக்கு ஒதுக்குவது லாபமே. நன்றாக வளர்ந்த காடைகூட ஒரு நாளைக்குக் கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கும்.

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயம். மழைக்காலம் முடிந்தால் வெளிநாட்டு நீர்ப்பறவைகள் வந்து இறங்கும். பறவைக் காய்ச்சல் காடையையும் தாக்கும். அதனால் ஏரியோரக் கொட்டகைகளுக்குச் சிட்டுக்குருவிகூட நுழையாதபடி வலை அடிப்பதும், ஏரித்தண்ணீரைக் காடைக்குக் கொடுக்காமல் இருப்பதும், கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பதும் கட்டாயம்.

கும்மிடிப்பூண்டி: சந்தை

மறுபடி பெரிய சாலைக்கு வந்து கவரைப்பேட்டையைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். வடமாநிலத்துத் தொழிலாளர்கள், மெஸ்கள், தள்ளுவண்டிக் கடைகள், நெடுஞ்சாலை ஓட்டல்கள். 'ஆயிரம் கோழிக்கு அரைக்காடை' என்ற சொலவடை காடைக்கு விளம்பரமே தேவையில்லாமல் செய்திருக்கிறது. ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் இந்த வட்டாரமெங்கும் கறி வியாபாரத்தைத் தூக்கிவிடும்.

ஆடிக்குப் பின்னால் ஆவணி, அதற்குப் பின்னால் புரட்டாசி. திருப்பதிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் வட்டாரத்தில், புரட்டாசியில் பாதி வீடுகளில் அசைவம் கிடையாது. அங்கேதான் பல சிறு பண்ணைகள் அடிவாங்குகின்றன.

வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மாமனாருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், மருமகள் வீட்டுக்குப் பின்னால் காடைக் கொட்டகை. கும்மிடிப்பூண்டியைச் சுற்றிய கிராமங்களில் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. புரட்டாசியில் அப்படி ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு இது.

"மாமா, முந்நூறு காடை விக்காம நிக்குது. தீவனம் போட்டு மாளல. ராத்திரி ஏரிக்கரையில கொண்டுபோய் விட்டுடலாமா? எங்கனா பொழைச்சுக்கட்டும்."

"வேணாம்மா. தட்டுல போட்டதைத் தின்னு வளந்தது அது. நாலு நாளுல கீரி தின்னுடும். பாவம் நமக்குத்தான்."

வளர்ந்த காடை ஒன்று நாளைக்கு 25 கிராம் தின்றாலும் 300 காடைக்கு 7.5 கிலோ. முப்பது நாளில் 225 கிலோ. ஐந்து வாரத்துக்குப் பின் எடை அதிகம் ஏறாது. தின்பதெல்லாம் நஷ்டம்தான். மருமகள் சொன்னது தவிப்பில் வந்த சொல். மாமனார் சொன்னது அனுபவத்தில் வந்தது.

இந்தத் தவிப்பு வராமல் இருக்க, நாட்காட்டியைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். புரட்டாசி பிறக்கும்முன் விற்றுத் தீர்க்க, கடைசிக் குஞ்சுகளை ஆடி 25-க்குள் இறக்கியாக வேண்டும். ஐப்பசி பிறந்ததும், தீபாவளியை ஒட்டி விற்க, அடுத்த குஞ்சுகளை ஆவணி கடைசி வாரத்தில் இறக்கினால் போதும். இடைப்பட்ட நாட்களில் கொட்டகையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காயப்போடலாம். எச்சத்தை மக்கவைத்து வயலுக்குக் கொண்டுபோகலாம். ஆயிரம் குஞ்சை ஒரே நாளில் இறக்குவதைவிட, வாரம் 250 என்று நான்கு தவணையாக இறக்கினால் மிஞ்சுவதும் குறையும். அப்படியும் மிஞ்சினால் உரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விற்பதும், அடக்கவிலைக்கே தள்ளிவிடுவதும், முட்டைக்குப் பெண் காடைகளை மட்டும் நிறுத்திக்கொள்வதும் வழிகள். பெண் காடை ஏழாவது வாரம் முட்டையிடத் தொடங்கும். முட்டைக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. முட்டை 10 முதல் 12 கிராம் இருக்கும்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்?

மாமனார் சொன்னதை உலகம் பெரிய செலவில் கற்றிருக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் பல மாநிலங்களில், வேட்டைக்கு உதவும் என்று, லட்சக்கணக்கான ஜப்பானியக் காடைகளைப் பண்ணைகளில் வளர்த்து வயல்வெளிகளில் விட்டார்கள். அவை அங்கே நிலைக்கவில்லை. தெற்கு ஐரோப்பாவில் வேறு விதமான சிக்கல். அங்கே வேட்டைக்காக விடப்பட்ட பண்ணைக் காடைகள் உள்ளூர்க் காட்டுக் காடைகளோடு கலந்ததால், வலசை போகும் இனத்தின் குணமே கெட்டுவிடுமோ என்று பறவை ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள்.

காரணம் எளிது. முட்டைக்கும் கறிக்கும் என்று பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த பறவை அடைகாப்பதையே மறந்துவிட்டது. அதன் முட்டையைக் கருவிதான் பொரிக்க வேண்டும். தலைக்குமேல் வல்லூறு நிழல் விழுந்தால் புல்லில் பதுங்கக் கற்றுக்கொடுக்க அதற்குத் தாய் இல்லை. வயலில் விட்டால் சில நாள் பூச்சி தின்னலாம். அதற்குள் பூனை, நாய், கீரி அதைத் தின்றுவிடும். கொட்டகையில் நோய் இருந்தால் அதையும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோகும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. காட்டுக் காடைகள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கண்ணி, வலை வைத்துப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். பண்ணைக் காடைக்கும் 2011-ல் ஒரு சோதனை வந்தது. புதிய பண்ணைகளுக்கு அனுமதி கூடாது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிறுத்தி வைத்தது. பண்ணைக் காடை வேறு, காட்டுக் காடை வேறு என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் அந்தத் தடை விலகியது. அந்த வேறுபாடுதான் இன்று காடை வளர்ப்போரின் பிழைப்புக்குக் காவல். கூண்டுக் காடையைக் கரையில் விடுவதும், கரைக் காடையைக் கூண்டில் அடைப்பதும் அந்த வேலியை நாமே பிடுங்குவதாகும்.

இந்தக் கரையின் காடை

இந்த நிலத்துக்கென்றே ஒரு காடை இருக்கிறது. மழைக்காடை, கருங்காடை என்று சொல்வார்கள். ஆணின் மார்பில் கருந்திட்டு இருக்கும். மழை தொடங்கியதும் காலையிலும் மாலையிலும் 'விட்-விட்' என்று இரட்டைக் குரலில் கூப்பிடும். அறிவியலில் அதன் பெயரே கோரமண்டல் காடை, அதாவது சோழமண்டலக் கரையின் காடை. பிரெஞ்சுக்காரர் சொன்னரா செஞ்சிப் பக்கத்துச் சிறிய காடை என்று அதை விவரித்தார். அதை வைத்து 1789-ல் கிமெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்தப் பெயரைச் சூட்டினார். கும்மிடிப்பூண்டியும் அதே கரையில்தான் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பறவையை விட்டு நிரப்ப வேண்டிய வெற்றிடம் இங்கே இல்லை. ஏற்கெனவே உள்ள பறவைக்கு இடம் விட்டால் போதும்.

அந்த இடத்துக்குப் பெரிய செலவு கிடையாது. மழைக்காடை தரையில் புல்லுக்கடியில் முட்டையிடும். தாய் மட்டும் அடைகாத்து, 16 முதல் 18 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு முதல் உணவு சின்னப் பூச்சிகள். ஆகவே,

மழைக்காலத்தில் எல்லா வரப்பையும் ஒரே நாளில் செதுக்காமல், ஓரத்து வரப்பு ஒன்றில் புல்லை இரண்டு முழ அகலத்துக்கு விட்டுவைக்கலாம்.

கார்போஃப்யூரான் போன்ற குருணை மருந்துகளைத் தவிர்க்கலாம். அந்தக் குருணையைத் தானியம் என்று பொறுக்கித் தின்னும் பறவை பிழைக்காது.

தரிசையும் தாளடியையும் கொளுத்த வேண்டாம்.

அறுவடை இயந்திரத்தை வயலைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி ஓட்டினால் காடைகள் நடுவில் மாட்டிக்கொள்ளும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி ஓட்டச் சொல்லலாம்.

உளுந்து, கேழ்வரகு போட்ட மேட்டு நிலம் கொஞ்சம் இருந்தால் அங்கே காடை தானாகவே தங்கும்.

கூண்டுக் காடை வீட்டுக்கு வருமானம். அதற்கு நல்ல குஞ்சு, உப்பில்லாத மீன்தூள், பூஞ்சணம் இல்லாத புண்ணாக்கு, நாட்காட்டியில் ஒரு கணக்கு வேண்டும். ஏரிக்கரைக் காடை நிலத்துக்கு வருமானம். அது வரப்பில் இரண்டு முழம் புல்லைத்தான் கேட்கிறது. முதலாவதை நாம் வளர்க்க வேண்டும், இரண்டாவதை வளர விட வேண்டும். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கப் போனால் இரண்டுமே கைவிட்டுப் போகும்.

கும்மிடிப்பூண்டியில் மாலை ஷிஃப்ட் சங்கு ஊதும் நேரமும், மழைக்காடை கூப்பிடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் இரண்டும் கேட்கும்.